வசனக் கணக்கைச் சமன்பாடாக்குதல்: வீட்டிலிருந்து கற்பிப்போருக்கும் கற்போருக்கும் ஒரு படிமுறை வழிகாட்டி

இந்த வழிகாட்டி, இலங்கையில் ஏழாம் எட்டாம் தரங்களில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து கணிதம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும், பாடசாலையை விட்டுப் பல வருடங்களின் பின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற எண்ணியிருப்போருக்கும் எழுதப்படுகிறது. என் மகளுக்கு இப்பகுதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டிவந்தபோது நாங்கள் இருவரும் ஒரு தவணை முழுவதும் திணறினோம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் அவளுக்கு நன்றாகத் தெரியும். சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் உடனே தீர்ப்பாள். அதே கணக்கை நான்கு வரி வசனமாகக் கொடுத்தால் பென்சிலை வைத்துவிட்டு, “அம்மா, இது கூட்டலா கழித்தலா?” என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையில்லாத நிலைக்குப் பிள்ளையைக் கொண்டுவருவதே கீழுள்ள படிகளின் நோக்கம்.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கணிதச் செய்கையால் தீரும் எளிய சமன்பாடுகளை மட்டுமே. அதாவது, தெரியாத எண்ணோடு ஓர் எண் கூட்டப்பட்டோ, அதிலிருந்து கழிக்கப்பட்டோ, அதனோடு பெருக்கப்பட்டோ, அதை வகுத்தோ இருக்கும், அவ்வளவுதான்.

1. ஆயத்தம்: பொருட்கள், செலவு, நேரம்

பாடநூலைப் பாடசாலை மாணவருக்கு அரசாங்கம் இலவசமாகவே வழங்குகிறது. நூல் தொலைந்திருந்தாலும், நீங்கள் பாடசாலைக்கு வெளியே படிப்பவராக இருந்தாலும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து தமிழ்மொழிமூலப் பாடநூலைக் கட்டணமின்றித் தரவிறக்கலாம். முழு நூலையும் அச்சிடுவது வீண்செலவு. அட்சரகணிதக் கோவைகளும் சமன்பாடுகளும் வரும் அலகுகளை மட்டும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். கோவை அலகைத் தவிர்த்துவிட்டு நேரே சமன்பாட்டுக்குப் போகவேண்டாம். ‘ஓர் எண்ணிலும் 5 கூட’ என்பதை எழுதத் தெரியாத பிள்ளையால் சமன்பாடு எழுத முடியாது.

இவற்றுக்கு மேல் ஒரு சதுரக் கொப்பி, ஒரு பென்சில், ஓர் அழிறப்பர் போதும். கல்குலேட்டர் வேண்டாம், எண்கள் சிறியவை. இப்பகுதிக்கென்று தனியாகப் பணம் கட்டிப் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பிள்ளையின் அருகில் இருந்து, கணக்கைப் பொறுமையாக வாசிக்க வைக்கும் ஒருவர்தான் தேவை. அவருக்குக் கணிதம் அதிகம் தெரிந்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் வீதம் மூன்று வாரம் ஒதுக்குங்கள். தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் தொடங்கினால், பிள்ளை படிகளை மனனம் செய்யுமே தவிர விளங்கிக்கொள்ளாது.

2. எண்களை மறைத்துவிட்டு வாசியுங்கள்

பின்வரும் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

‘திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நிலாவெளிக்கு ஒரு பஸ் புறப்பட்டது. உப்புவெளியில் 9 பேர் ஏறினர், ஒருவரும் இறங்கவில்லை. இப்போது பஸ்ஸில் 41 பேர் உள்ளனர். புறப்படும்போது பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தனர்?’

பெரும்பாலான பிள்ளைகளின் கண் முதலில் போவது 9, 41 என்ற எண்களுக்கு. அடுத்ததாக ‘ஏறினர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஏறினால் கூடும் என்று இரண்டையும் கூட்டி 50 என்று எழுதிவிடுவார்கள். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. முதல் வாசிப்பில் எண்களைப் பென்சிலாலோ விரலாலோ மறைத்துவிட்டு, கதையில் என்னென்ன கணியங்கள் பேசப்படுகின்றன என்று மட்டும் கேளுங்கள். இங்கே மூன்று கணியங்கள் உள்ளன: புறப்படும்போது இருந்தோர், உப்புவெளியில் ஏறியோர், இப்போது உள்ளோர்.

பின்னர், இம்மூன்றையும் தொடுத்து எண்ணே இல்லாத ஒரு வசனத்தைப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வையுங்கள்:

‘புறப்படும்போது இருந்தோரும் உப்புவெளியில் ஏறியோரும் சேர்ந்தால், அது இப்போது உள்ளோருக்குச் சமன்.’

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டுமே கடைப்பிடிக்க உங்களுக்கு நேரமிருந்தால், இந்தப் படியைக் கடைப்பிடியுங்கள். எது எதற்குச் சமன் என்று சொல்லத் தெரிந்துவிட்டால் சமன்பாடு பாதி எழுதப்பட்டுவிட்டது. அதைச் சொல்லத் தெரியாமல் சமன் குறியைப் போடும் பிள்ளைக்கு, அந்தக் குறி ‘இனி விடையை எழுது’ என்ற கட்டளையாகவே தோன்றும்.

3. தெரியாததற்குப் பெயரிட்டு, அதை முழு வசனமாக எழுதுங்கள்

கணக்கில் கேட்கப்பட்ட கணியமே தெரியாக்கணியம். அதை ஓர் எழுத்தால் குறிக்கவேண்டும். பாடநூலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளே வரும். பரீட்சையிலும் அவற்றையே எழுதவேண்டும். ஆனால் எக்ஸ் என்ற எழுத்து, கையெழுத்து சீராகாத பிள்ளைகளின் கொப்பியில் பெருக்கற் குறியோடு மயங்கிவிடும். ஆகவே பழகும் முதல் வாரத்தில் நான் ‘ப’ என்ற தமிழெழுத்தைப் பயன்படுத்த வைத்தேன். இங்கும் அதையே எழுதுகிறேன். எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது என்பதும் இதனால் பிள்ளைக்குப் புரியும்.

கவனிக்க வேண்டியது எழுத்தை அல்ல, அதன் பக்கத்தில் எழுதப்படும் வசனத்தையே. ‘ப = பஸ்’ என்றோ ‘ப = ஆட்கள்’ என்றோ எழுத விடாதீர்கள். எழுத்து நிற்பது ஓர் எண்ணுக்காக. பொருளுக்காகவோ ஆளுக்காகவோ அல்ல. ‘புறப்படும்போது பஸ்ஸில் இருந்தோரின் எண்ணிக்கை ப என்க’ என்று முழுமையாக எழுதவேண்டும். நிறை, நீளம், பணம், நேரம் வரும் கணக்குகளில் அலகும் இதே வசனத்தில் வரவேண்டும்: ‘மீனின் நிறை ப கிலோகிராம் என்க’. அலகை இங்கே எழுதிவிட்டால் சமன்பாட்டுக்குள் அலகு எழுதத் தேவையில்லை.

பொருளின் பெயரில் வரும் முதலெழுத்தையே தெரியாக்கணியத்துக்கு வைக்கும் பழக்கத்தையும் தவிர்ப்பது நல்லது. மாம்பழத்துக்கு ‘மா’ என்று வைத்தால், ‘3மா’ என்பதைப் பிள்ளை ‘மூன்று மாம்பழம்’ என்றே வாசிக்கும். ஒரு மாம்பழத்தின் விலையின் மும்மடங்கு என்று வாசிக்காது.

4. கதை நடந்த ஒழுங்கிலேயே சமன்பாட்டை எழுதுங்கள்

இரண்டாம் படியில் சொன்ன வசனத்தை எடுத்து, கணியங்களின் இடத்தில் எண்ணையும் எழுத்தையும் வையுங்கள்:

ப + 9 = 41

இதை எழுதும்போது விடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளை மனதிலேயே 32 என்று கண்டுபிடித்து, ‘41 − 9 = ப’ என்று எழுதிவிடும். விடை சரிதான். ஆனால் எழுதப்பட்டிருப்பது கதையல்ல, தீர்வு. எண்கள் பெரிதாகும்போதும், பின்னர் இரண்டு படிச் சமன்பாடுகள் வரும்போதும் இந்தப் பழக்கம் காலை வாரிவிடும். பஸ்ஸில் முதலில் ஆட்கள் இருந்தனர், பின்னர் சிலர் ஏறினர், இறுதியில் 41 பேர் ஆயினர். சமன்பாடும் அதே ஒழுங்கில் இருக்கட்டும்.

அதிகமான பிள்ளைகள் பிழைவிடும் இடம் ‘விட’ என்ற சொல் வரும் கணக்குகள். இதற்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்கினாலும் தகும். பின்வரும் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பிள்ளையிடம் கொடுங்கள்.

‘தம்பலகாமத்தில் ஒரு விவசாயிக்குப் பெரும்போகத்தில் 84 மூடை நெல் கிடைத்தது. சிறுபோகத்தில் அதைவிட 17 மூடை குறைவாகக் கிடைத்தது. சிறுபோகத்தில் கிடைத்தது எத்தனை மூடை?’

‘தம்பலகாமத்தில் ஒரு விவசாயிக்குச் சிறுபோகத்தில் 84 மூடை நெல் கிடைத்தது. இது பெரும்போகத்தில் கிடைத்ததைவிட 17 மூடை குறைவு. பெரும்போகத்தில் கிடைத்தது எத்தனை மூடை?’

எண்கள் அவையே, ‘விட’, ‘குறைவு’ என்ற சொற்களும் அவையே. ஆயினும் முதலாவதன் விடை 67. அதற்குச் சமன்பாடே தேவையில்லை. இரண்டாவதன் விடை 101. இரண்டுக்கும் 84 இலிருந்து 17 ஐக் கழிக்கும் பிள்ளை ‘குறைவு’ என்ற சொல்லை மட்டும் வாசித்திருக்கிறது. எது குறைவு, எதைவிடக் குறைவு என்று வாசிக்கவில்லை.

இதற்கு இரண்டு கேள்விகள் உதவும். முதலாவது: ‘இது’, ‘அது’ என்ற சுட்டு எதைக் குறிக்கிறது? அந்தச் சுட்டை அடித்துவிட்டு, அதன் மேல் முழுப் பெயரையும் எழுத வையுங்கள்: ‘சிறுபோகத்தில் கிடைத்தது, பெரும்போகத்தில் கிடைத்ததைவிட 17 மூடை குறைவு’. இரண்டாவது: இரண்டில் எது பெரியது? பெரும்போகத்தில் கிடைத்ததே பெரியது என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதன் பின்னர் சமன்பாடு தானாக வரும். பெரும்போகத்தில் கிடைத்த மூடைகளின் எண்ணிக்கை ப எனின்,

ப − 17 = 84

‘கூட’ என்ற சொல் வரும் கணக்குகளுக்கும் இதே இரண்டு கேள்விகள்தான்.

‘மடங்கு’ வரும் கணக்குகள் இவ்வளவு தொல்லை தருவதில்லை. தாயின் வயது 36, அது மகளின் வயதின் 4 மடங்கு என்றால், மகளின் வயது ப வருடம் என வைத்து 4ப = 36 என எழுதலாம். 4 க்கும் ப வுக்கும் இடையே பெருக்கற் குறி மறைந்திருக்கிறது என்பதை மட்டும் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ப இற்கு 9 ஐப் பிரதியிடும்போது சில பிள்ளைகள் 49 என்று எழுதுவார்கள்.

பங்கு பிரிக்கும் கணக்கில் வேறொரு பொறி உண்டு. ‘கரைவலையில் பட்ட மீனை விற்ற பணத்தில் சம்மாட்டியின் (வலை உரிமையாளரின்) பங்கு போக எஞ்சியதை 14 பேர் சமமாகப் பிரித்தனர். ஒருவருக்கு 2,350 ரூபா கிடைத்தது. பிரிக்கப்பட்ட தொகை எவ்வளவு?’ இங்கே பிரித்தல் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 2,350 என்பது பிரித்த பின் வந்த தொகை. ஆகவே பிரிக்கப்பட்ட தொகை ப ரூபா எனின், ப ÷ 14 = 2,350. ‘பிரித்தனர்’ என்ற சொல்லைக் கண்டு 2,350 ஐ மறுபடியும் 14 ஆல் வகுத்தால், பதினான்கு பேருக்குப் பிரித்த தொகை ஒருவரின் பங்கைவிடச் சிறிதாக வந்துவிடும். கரைவலை இழுப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நிலாவெளிப் பிள்ளைக்கு அது நடக்காத காரியம் என்று உடனே தெரியும், கேட்டுப் பாருங்கள்.

5. நடந்ததை மீட்டுத் தீர்த்தல்

சமன்பாட்டை எழுதிய பின், ப இற்கு என்ன நடந்தது என்று கேட்டு, அதை மீட்கும் செய்கையை இருபக்கங்களிலும் செய்யவேண்டும். 9 பேர் ஏறினர் எனின், அந்த 9 பேரையும் இறக்கிவிட்டால் புறப்பட்டபோது இருந்தோர் மட்டும் எஞ்சுவர். கூட்டப்பட்டிருந்தால் கழிக்கவும், கழிக்கப்பட்டிருந்தால் கூட்டவும், பெருக்கப்பட்டிருந்தால் வகுக்கவும், வகுக்கப்பட்டிருந்தால் பெருக்கவும் வேண்டும்.

ப + 9 = 41
ப + 9 − 9 = 41 − 9
ப = 32

நடுவிலுள்ள வரியை விட்டுவிட அனுமதிக்காதீர்கள், குறைந்தது முதல் இரண்டு வாரங்களுக்காவது. அந்த வரிக்குப் பதிலாகப் பல வகுப்புகளில் ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற குறுக்குவழி சொல்லிக்கொடுக்கப்படுகிறது. எங்கள் ஒரு தவணைத் திணறலுக்கு முதற்காரணம் அதுதான். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அது விடை தரும். பெருக்கல் வந்தவுடன் பிள்ளையை நட்டாற்றில் விட்டுவிடும். உதாரணமாக, ‘கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் ஒருவர் ஒரேயளவான வாளி நீர் அள்ளிக் குளித்தார்; மொத்தம் 28 வாளி’ என்ற கணக்கில், ஒரு கிணற்றில் அள்ளியது ப வாளி எனின், சமன்பாடு 7ப = 28. குறுக்குவழியை நம்பிய பிள்ளை 7 ஐ அந்தப் பக்கம் அனுப்பி, குறியை மாற்றி, 28 − 7 = 21 என்று எழுதும்; இன்னொரு பிள்ளை 28 ஐ சய 7 (−7) ஆல் வகுத்து சய 4 வாளி என்று எழுதும். இருபக்கங்களையும் 7 ஆல் வகுக்கிறோம் என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை:

7ப = 28
7ப ÷ 7 = 28 ÷ 7
ப = 4

மேலுள்ள நெற்கணக்கில் இருபக்கமும் 17 ஐக் கூட்ட ப = 101 எனவும், கரைவலைக் கணக்கில் இருபக்கமும் 14 ஆல் பெருக்க ப = 32,900 எனவும் வரும்.

இன்னொரு பழக்கத்தையும் ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். சில பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே வரியில் தொடுத்து ‘ப + 9 = 41 − 9 = 32’ என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் ப + 9 உம் 32 உம் சமன் என்றாகிவிடும்; அது உண்மையல்ல. ஒரு வரிக்கு ஒரு சமன் குறி, குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. சதுரக் கொப்பி வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

6. தெரியாக்கணியமே கழிக்கப்பட்டிருந்தால்

‘சந்தையில் கீரிமீன் வாங்கிய ஒருவர் 500 ரூபாத் தாளைக் கொடுத்து 180 ரூபா மிச்சக்காசு பெற்றார். மீனின் விலை என்ன?’ கதை ஒழுங்கில் எழுதினால் 500 − ப = 180. இங்கே ப இலிருந்து எதுவும் கழிக்கப்படவில்லை. ப தான் கழிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 500 ஐ இருபக்கமும் கூட்டினால் காரியம் ஆகாது. மீனின் விலையும் மிச்சக்காசும் சேர்ந்தால் கொடுத்த தாளுக்குச் சமன் என்று வசனத்தை மாற்றிச் சொல்லி, ப + 180 = 500 என எழுதச் செய்யுங்கள். பின்னர் ஒரே படியில் ப = 320. சய எண்களில் பிள்ளைக்கு நல்ல பழக்கம் வந்த பிறகு நேர்வழியாகவும் செய்யலாம், அவசரமில்லை.

7. அலகுகளைச் சமன்பாட்டுக்கு முன்னரே ஒன்றாக்குங்கள்

2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். நிமிடத்துக்கு 66 மீற்றர் நடப்பவர் ப நிமிடத்தில் அதைக் கடப்பார் எனின், 66ப = 396; ப = 6. கணக்கில் 0.396 கிலோமீற்றர் என்று கொடுத்திருந்தால், அதை மீற்றராக்கிய பின்னரே சமன்பாட்டை எழுதவேண்டும். கிராமும் கிலோகிராமும், நிமிடமும் மணித்தியாலமும் கலந்து வரும் கணக்குகளை வினாத்தாள் தயாரிப்போர் விரும்பி வைப்பார்கள். வாசிக்கும்போதே அலகுகளின் கீழ்க் கோடிடச் சொல்லுங்கள்.

8. விடையைக் கதைக்குள் வைத்துச் சரிபாருங்கள்

சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. சமன்பாடே பிழையாக எழுதப்பட்டிருந்தால், பிழையான விடை அதில் அழகாகப் பொருந்தும். விடையை எடுத்துக்கொண்டு முதல் வசனத்துக்குத் திரும்பி, கதையை அந்த எண்ணோடு வாசிக்கவேண்டும்: 32 பேரோடு பஸ் புறப்பட்டது, 9 பேர் ஏறினர், 41 பேர் ஆயினர். ஆட்களின் எண்ணிக்கை பின்னமாக வந்தாலோ, முழுத்தொகை அதன் பங்கைவிடச் சிறிதாக வந்தாலோ, தீர்வைத் திருத்தாமல் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

உண்மையான தரவுகளால் அமைந்த கணக்குகள் இந்தப் படிக்கு மிகவும் உதவும். 2022 ஜனவரியில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி, திருகோணமலையின் சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், எஞ்சியவை அவ்விரு நிறுவனங்களும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. எஞ்சியவை எத்தனை? தெரிந்த இரண்டையும் முதலில் சேர்த்து 38 ஆக்கி, ப + 38 = 99 என எழுதினால் ப = 61. பத்திரிகைகளில் வெளிவந்த எண்ணிக்கையும் அதுவே. தான் கண்டுபிடித்த எண் செய்தியிலும் இருப்பதைக் காணும் பிள்ளைக்குக் கணக்கில் ஒரு நம்பிக்கை பிறக்கும்.

9. மூன்று வார அட்டவணையும் பரீட்சை நேரமும்

முதல் வாரம் தீர்க்கவே வேண்டாம். நாளுக்கு ஆறேழு கணக்குகளை வாசித்து, எண்ணில்லாத வசனம், ‘ப என்க’ வசனம், சமன்பாடு ஆகியவற்றை மட்டும் எழுதச் செய்யுங்கள். விடை கேட்காதபோது பிள்ளை அவசரப்படாது. எனக்குத் தெரிந்தவரையில் அதிகப் பயன் தந்த ஏற்பாடு இதுவே. இரண்டாம் வாரம் தீர்த்தலும் சரிபார்த்தலும். மூன்றாம் வாரம் சமன்பாட்டைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் கதையைப் பிள்ளையே எழுதட்டும். 5ப = 60 இற்கு ஒரு கதை எழுதத் தெரிந்த பிள்ளை, அடுத்தவர் எழுதிய கதையை எளிதில் வாசிக்கும்.

சாதாரண தரத்துக்குத் தோற்றுவோர் நேரத்தையும் பழகவேண்டும். முதலாம் வினாத்தாளுக்கு 2 மணித்தியாலம்; அதில் தலா 2 புள்ளிகள் கொண்ட 25 சிறு வினாக்களும், மேலும் 5 நீண்ட வினாக்களும் உள்ளன. சிறு வினா ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடமே கிடைக்கும். ஆனால் நேரம் பார்ப்பதை மூன்றாம் வாரத்துக்கு முன்னர் தொடங்கவேண்டாம்.

10. செய்து பார்க்க

அ. மூதூருக்குப் போய்வர 340 ரூபா செலவழித்த ஒருவரிடம் 660 ரூபா எஞ்சியது. கொண்டுசென்ற பணம் எவ்வளவு?

ஆ. ஒரு பெட்டியில் 12 தயிர்ச்சட்டிகள் வீதம் அடுக்கப்பட்டன. மொத்தம் 156 சட்டிகள் எனின், பெட்டிகள் எத்தனை?

இ. அக்காவின் உயரம் 152 சென்ரிமீற்றர். இது தம்பியின் உயரத்தைவிட 19 சென்ரிமீற்றர் கூட. தம்பியின் உயரம் என்ன?

ஈ. ஒரு கிலோ இறாலின் விலையில் நான்கில் ஒரு பங்கு 450 ரூபா. ஒரு கிலோவின் விலை என்ன?

உ. ஒரே விலையுள்ள மூன்று கொப்பிகளும் 60 ரூபாப் பென்சில் ஒன்றும் சேர்ந்து 510 ரூபா. ஒரு கொப்பியின் விலை என்ன?

விடைகள் முறையே 1,000 ரூபா, 13, 133 சென்ரிமீற்றர், 1,800 ரூபா, 150 ரூபா. ஐந்தாவது கணக்கின் சமன்பாடு 3ப + 60 = 510; அது ஒரே படியில் தீராது. முதலில் 60 ஐக் கழித்து 3ப = 450 என ஆக்கிய பின்னரே 3 ஆல் வகுக்கவேண்டும். முதல் நான்கையும் நடுவரியோடு பிழையின்றி எழுதும் பிள்ளையிடம் மட்டும் அதைக் கொடுங்கள்.